களிமண்ணுக்கு கரண்ட் கொடுக்கும் முன்...

நார்வே நாட்டு ரிஸ்ஸா நிலச்சரிவு வீடியோவை சிவில் பசங்க யாராவது ஒரு தடவையாவது பார்த்திருப்போம். 1978 ஏப்ரல் 29. ஏரிக்கரைப் பண்ணை ஒன்றில் கொட்டகையைப் பெரிதாக்கத் தோண்டிய மண்ணை, சுமார் 700 கன மீட்டர், கரையோரமாகக் கொட்டினார்கள். செஞ்சது அவ்வளவுதான். கரை உடைந்தது. உடைந்த இடத்துக்குப் பின்னால் இருந்த நிலம் அடுத்து, அதற்குப் பின்னால் இருந்தது அடுத்து என்று சுமார் 33 ஹெக்டேர் நிலம் கரைத்த மாவு மாதிரி ஏரிக்குள் ஓடியது. வீடுகள் நின்ற வாக்கிலேயே மிதந்து போவதை அந்த வீடியோவில் பார்க்கலாம். ஒருவர் இறந்தார்.

அந்த மண்ணுக்கு க்விக் களிமண் என்று பெயர். பனியுகம் முடியும் காலத்தில் கடலுக்கடியில் படிந்த களிமண் அது. பிறகு நிலம் மெல்ல மேலெழுந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மழைநீரும் நிலத்தடி நன்னீரும் அதற்குள் ஊறி, கடல் தந்த உப்பைக் கழுவிக்கொண்டே இருந்தன. உப்பு இருந்தவரை துகள்களைப் பிடித்து வைத்திருந்த பிடிப்பு போய்விட்டது. தொடாமல் விட்டால் நிற்கும், கலக்கிவிட்டால் ஓடும். இந்த உப்பு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கட்டுரையின் பாதியில் மறுபடி வரும்.

இப்போது கேள்வி: இப்படிப்பட்ட மண்ணில் 4 மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்ட வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்?

ப்ரீலோடிங் என்று எழுதினால் தேர்வில் மார்க் கிடைக்கலாம். ஆனால் ப்ரீலோடிங் என்றாலே மேலே சுமை ஏற்றுவது. சுமை ஏற்றினால் முதலில் ஏறுவது போர் பிரஷர். தண்ணீர் மெதுவாக வெளியேறிய பிறகுதான் எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் ஏறும், வலிமை வரும். அந்த இடைவெளியில் மண் தாங்க வேண்டும். 700 கன மீட்டர் மண்ணையே தாங்காத இடத்தில் அந்தச் சூதாட்டத்தை ஆட முடியாது. கிணறு போட்டு பம்ப் வைக்கலாமா? களிமண்ணில் கிணறு போட்டால் தண்ணீர் வந்து சேரவே மாதக்கணக்காகும். சுமை ஏற்றாமல், மண்ணைக் கலக்காமல், உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்க ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் எலக்ட்ரோ-ஆஸ்மோசிஸ்.

உள்ளே என்ன நடக்குது?

பெயரில் ஆஸ்மோசிஸ் இருந்தாலும், பள்ளியில் படித்த சவ்வூடு பரவலுக்கும் இதற்கும் பெரிய உறவு கிடையாது. 1809-இல் மாஸ்கோவில் ரோய்ஸ் என்ற விஞ்ஞானி ஈரக் களிமண்ணுக்குள் மின்சாரம் செலுத்திய சோதனையை வெளியிட்டார். தண்ணீர் நேர்மின்முனையிலிருந்து எதிர்மின்முனைக்கு, அதாவது ஆனோடிலிருந்து கேத்தோடுக்கு நகர்ந்தது. அழுத்தம் கொடுக்கவில்லை, பம்ப் இல்லை.

காரணம் களிமண் துகளின் மேற்பரப்பில் இருக்கிறது. அது எதிர்மின் சுமை கொண்டது. அதைச் சமன்செய்ய சோடியம், கால்சியம் போன்ற நேர் அயனிகள் துகளைச் சுற்றி ஒரு மெல்லிய படலமாக மொய்த்திருக்கும். இதைத்தான் டபுள் லேயர் என்று படிக்கிறோம். மின்புலம் கொடுத்ததும் இந்த நேர் அயனிகள் கேத்தோடு நோக்கி நகரும். நகரும்போது தம்மைச் சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு போகும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் நாம் நடக்காமலேயே நகர்வோமே, அதுபோல. கூட்டம் போகும் பக்கம் நாமும் போவோம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சாதாரண நீரோட்டத்தில், அதாவது நீர்மட்ட வித்தியாசத்தால் ஓடும்போது, துளையின் நடுவில் தண்ணீர் வேகமாக ஓடும், சுவரோரம் ஒட்டி நிற்கும். துளை சிறுத்தால் எல்லாமே சுவரோரம்தான். அதனால் துளையின் விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகும். எலக்ட்ரோ-ஆஸ்மோசிஸில் தள்ளுவதே சுவரோரம் இருக்கும் படலம்தான். துளை சிறியதா பெரியதா என்பது கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை.

ஒரு சின்ன கணக்கு

டார்சி விதியைப் போலவே இதற்கும் ஒரு விதி:

நீரின் வேகம் = மின் ஊடுருவுமை × மின்னழுத்தச் சரிவு

மின்னழுத்தச் சரிவு என்பது ஒரு மீட்டருக்கு எத்தனை வோல்ட் என்பது. மின் ஊடுருவுமை பெரும்பாலான மண்களுக்கு 10⁻⁹ முதல் 10⁻⁸ வரை (வோல்ட் ஒன்றுக்கு, வினாடிக்கு, சதுர மீட்டரில்) என்ற குறுகிய எல்லைக்குள்ளேயே வரும். சாதாரண நீர் ஊடுருவுமையோ சரளையிலிருந்து களிமண் வரை கோடிக்கணக்கான மடங்கு மாறும். எனவே மண்ணைத் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டின் விகிதம்தான்.

ஆனோடில் தண்ணீர் உள்ளே வர வழி இல்லை, கேத்தோடில் வெளியேற வழி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்புலம் தண்ணீரை ஆனோடிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும், ஆனால் அந்த இடத்தை நிரப்ப வேறு தண்ணீர் வராது. அப்போது ஆனோடு பக்கம் போர் பிரஷர் இறங்கி மைனஸுக்குப் போகும். முடிவில் எவ்வளவு மைனஸ்?

ஆனோடில் குறையும் நீர்மட்டம் = (மின் ஊடுருவுமை ÷ நீர் ஊடுருவுமை) × வோல்ட்

மின் ஊடுருவுமை 4 × 10⁻⁹ என்றும், கொடுப்பது 20 வோல்ட் என்றும் எடுத்து மூன்று மண்ணுக்குப் போட்டுப் பார்க்கலாம்:

- மணல் (நீர் ஊடுருவுமை 10⁻⁵ மீ/வி): 8 மில்லிமீட்டர். சிரிக்காதீங்க, அவ்வளவுதான் வரும்.
- வண்டல் (10⁻⁸ மீ/வி): 8 மீட்டர், அதாவது சுமார் 78 கிலோபாஸ்கல்.
- களிமண் (10⁻⁹ மீ/வி): 80 மீட்டர், காகிதத்தில் சுமார் 785 கிலோபாஸ்கல்.

மொத்த ஸ்ட்ரெஸ் மாறவில்லை, போர் பிரஷர் இறங்கிவிட்டது. டெர்சாகி சொன்ன சமன்பாட்டில் போட்டால் இறங்கிய அளவு அப்படியே எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ்ஸாக ஏறுகிறது. மேலே ஒரு கூடை மண்கூட வைக்காமல் மண் இறுகுகிறது, எந்தக் கட்டத்திலும் ஷியர் ஸ்ட்ரெஸ் கூடவில்லை. ப்ரீலோடிங்கின் ஆபத்து இதில் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

களிமண்ணுக்கு வந்த 785-ஐ நம்பி டிசைன் பண்ணிடாதீங்க. அது எல்லையற்ற நேரம் காத்திருந்தால், மண் முழுக்க நீர் நிறைந்தே இருந்தால் வரும் எண். நடைமுறையில் அதற்கு முன்பே காற்று உள்ளே புகுந்துவிடும். அதைப் பிறகு பார்ப்போம். நேரத்தைப் பொறுத்தவரை சாதாரண கன்சாலிடேஷன் கணக்கேதான்: மின்முனைகளின் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் நேரம் நான்கு மடங்காகும்.

ஜெயித்த இடங்கள்

கட்டுமானத் தளத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் லியோ காசாக்ராண்டே. சாயில் மெக்கானிக்ஸ் புத்தகத்தில் நாம் தினமும் பார்க்கும் ஆர்தர் காசாக்ராண்டேயின் தம்பி. 1939-இல் ஜெர்மனியின் சால்ஸ்கிட்டரில் ரயில் பாதைக்காக வண்டல் மண்ணில் வெட்டிய சரிவு நிற்காமல் வழிந்துகொண்டே இருந்தது. அவர் சரிவை ஒட்டி மின்முனைகளை இறக்கி, நீரோட்டம் வெட்டுமுகத்தை நோக்கி வராமல் உள்ளே இருந்த கேத்தோடு கிணறுகளை நோக்கித் திரும்பும்படி செய்தார். மண் உலர்வதற்கு முன்பே சரிவு நிலைபெறத் தொடங்கியது. ஏனென்றால் வெளியே தள்ளிக்கொண்டிருந்த சீப்பேஜ் விசை இப்போது உள்ளே இழுக்கிறது. வறண்டால்தான் பலன் என்று இல்லை, திசை மாறினாலே பலன்.

அடுத்தது ஓஸ்லோவுக்குத் தெற்கே இருக்கும் ஓஸ் என்ற ஊர். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்காக க்விக் களிமண்ணில் சுமார் 4 மீட்டர் தோண்ட வேண்டியிருந்தது. நாம் மேலே கேட்ட அதே கேள்வி. நார்வே புவித்தொழில்நுட்ப நிறுவனத்தின் முதல் இயக்குநர் லவுரிட்ஸ் பியெர்ரம், தம் சகாக்களுடன் 1967-இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். சாதாரண கம்பிகளை மின்முனைகளாக வரிசை வரிசையாக மண்ணில் இறக்கி, சுமார் நான்கு மாதம் கரண்ட் கொடுத்தார்கள். நிலம் நடுவில் சுமார் அரை மீட்டர் இறங்கியது. 10 கிலோபாஸ்கலைக்கூடத் தொடாத ஷியர் ஸ்ட்ரெங்த், சராசரியாக 40 கிலோபாஸ்கலுக்கு உயர்ந்தது.

இந்த 10-க்கும் 40-க்கும் என்ன வித்தியாசம் என்று நாமே பார்க்கலாம். தாங்குதல் இல்லாமல் செங்குத்தாக வெட்டினால் நிற்கும் உயரம் = 4 × ஷியர் ஸ்ட்ரெங்த் ÷ மண்ணின் அலகு எடை. அலகு எடையை 18 என்று எடுத்தால், முதலில் 2.2 மீட்டர், பிறகு 8.9 மீட்டர். 4 மீட்டர் குழிக்கு முதல் விடை மரணக்குழி, இரண்டாவது விடை வேலை செய்யும் தளம். செலவான மின்சாரம் கன மீட்டருக்குச் சுமார் 17 யூனிட்.

தோற்ற இடம்

இதைப் படித்ததும், "அப்ப எல்லாக் களிமண்ணுக்கும் கரண்ட் போட்டுடலாமே?" என்று தோன்றும். 1990-இல் பைசா சாய்ந்த கோபுரம் பாதுகாப்பு கருதி மூடப்பட்டபோது, யமியோல்கோவ்ஸ்கி தலைமையில், ஜான் பர்லாண்ட் போன்றவர்கள் இருந்த குழுவுக்கும் இந்த யோசனை இருந்தது. கோபுரம் தெற்கே சாய்கிறது. அடியில் மென்மையான கடல் களிமண் படுகை. வடக்குப் பக்கத்தில் அந்தக் களிமண்ணிலிருந்து மட்டும் தண்ணீரை எடுத்தால் அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கும், கோபுரம் நிமிரும். அழகான யோசனை. களத்தில் பெரிய அளவில் சோதித்தும் பார்த்தார்கள். பலிக்கவில்லை. மண்ணின் மின்கடத்துதிறன் மிக அதிகம். கடைசியில் வடக்குப் பக்கம் சாய்வாகத் துளையிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்து, சாய்வைச் சுமார் அரை டிகிரி குறைத்து, 2001 டிசம்பரில் கோபுரத்தைத் திறந்தார்கள்.

ஓஸ் களிமண்ணும் கடலில் படிந்ததுதான். பைசா களிமண்ணும் கடலில் படிந்ததுதான். ஒன்றில் உப்பு கழுவப்பட்டுவிட்டது. மற்றொன்றில் துளை நீர் இன்னும் கரண்டைத் தாராளமாகக் கடத்துகிறது. ரிஸ்ஸாவில் நிலத்தை ஓடவைத்த அதே உப்பின்மைதான் ஓஸில் கரண்ட் வேலை செய்ய வழிவிட்டது.

உப்பு இரண்டு வகையில் கெடுக்கிறது. முதலாவது, அயனிகள் நிறைந்த நீரில் டபுள் லேயர் சுருங்கும், இழுக்கும் சக்தி குறையும். இரண்டாவது, கரண்ட் களிமண் பரப்பை ஒட்டிப் போகாமல் உப்புத் தண்ணீர் வழியாகவே ஓடிவிடும். அம்மீட்டர் முள் நன்றாக ஏறும், தண்ணீர் மட்டும் வராது.

எண்ணில் சொன்னால்: ஒரு கன மீட்டர் மண் எடுக்கும் பவர் = மின்கடத்துதிறன் × மின்புலத்தின் வர்க்கம். மீட்டருக்கு 20 வோல்ட் என்று வைப்போம்.

- உப்பு குறைந்த மண் (கடத்துதிறன் மீட்டருக்கு 0.015 சீமென்ஸ்): 6 வாட். 120 நாளுக்கு சுமார் 17 யூனிட். ஓஸ் கணக்கோடு ஒத்துப்போகிறது பாருங்கள்.
- உப்பு மண் (0.5 சீமென்ஸ்): 200 வாட். 120 நாளுக்கு 576 யூனிட்.

யூனிட் 8 ரூபாய் என்றால் ஒரு கன மீட்டருக்கு 136 ரூபாய் எங்கே, 4,608 ரூபாய் எங்கே! போதாததற்கு, அந்த 200 வாட் எல்லாம் சூடாகத்தான் மாறும். வெப்பம் வெளியேறவே இல்லை என்று எடுத்தால் மண் நாளுக்கு ஏறக்குறைய 6 டிகிரி சூடேறும். மண்ணை வலுப்படுத்தப் போய் வேகவைத்த கதை.

கம்பியும் காற்றும்

உப்பு சரியாக இருந்தாலும் ஆனோடு பக்கம் இரண்டு தொல்லைகள் உண்டு.

முதல் தொல்லை அரிப்பு. ஆனோடில் தண்ணீர் பிளந்து ஆக்சிஜனும் அமிலமும் வரும், கேத்தோடில் ஹைட்ரஜனும் காரமும் வரும். ஆனோடு இரும்பாக இருந்தால் அதுவே கரையும். ஃபாரடே விதிப்படி 1 ஆம்பியர் ஒரு நாள் ஓடினால் 25 கிராம் இரும்பு காலி. இப்போது நம்ம சைட் ஃபார்முலா: 20 மி.மீ. கம்பியின் எடை விட்டத்தின் வர்க்கம் வகுத்தல் 162, அதாவது மீட்டருக்கு 2.47 கிலோ. 5 மீட்டர் கம்பி 12.3 கிலோ. அதில் 5 ஆம்பியர் ஓடி, அத்தனையும் இரும்பைக் கரைப்பதிலேயே போனால் நாளுக்கு 125 கிராம். 98 நாளில் கம்பி முழுக்கக் கரைந்துவிடும். உண்மையில் அதற்கு முன்பே எங்காவது ஓரிடத்தில் மெலிந்து அறுந்து, அதற்குக் கீழே இருப்பது வெறும் துண்டாகிவிடும். நான்கு மாத வேலைக்கு எந்தக் கம்பி என்பதை இந்தக் கணக்கு போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே மின்கடத்தும் பிளாஸ்டிக்கால் ஆன மின்முனைகள் வந்தன. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் காலின் ஜோன்ஸ் குழு உருவாக்கிய எலக்ட்ரோகைனெட்டிக் ஜியோசிந்தெட்டிக்ஸ் இந்த வகை. மின்முனையும் அதுவே, வடிகாலும் அதுவே.

கரைந்த இரும்பு முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. அந்த அயனிகள் மண்ணுக்குள் போய் துகள்களை ஒட்டவைக்கும். ஆனோடைச் சுற்றி மண் கெட்டிப்படுவதில் இதற்கும் பங்கு உண்டு.

இரண்டாவது தொல்லை காற்று. தண்ணீர் போகப் போக ஆனோடு அருகே மண் சுருங்கி வெடிக்கும், ஆக்சிஜனும் அங்கேயே சேரும். முழுக்க நீர் நிறைந்திருந்த மண் இப்போது பாதி நிறைந்த மண், அதாவது அன்சாச்சுரேட்டட். காற்று புகுந்த துளைகளில் அயனிகளுக்குப் பாதை அறுந்துவிடும், மின் ஊடுருவுமை குறையும், கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே தொடர்பும் விடும். அப்போது 20 வோல்ட் கொடுத்தாலும் அதில் பெரும்பகுதி அந்த வெடிப்பிலேயே விழுந்துவிடும். தொடக்கத்திலேயே அன்சாச்சுரேட்டடாக இருக்கும் மண்ணில் எலக்ட்ரோ-ஆஸ்மோசிஸ் சுணங்குவதும் இதனால்தான். கரண்டை விட்டு விட்டுக் கொடுப்பது, இடையில் துருவங்களை மாற்றுவது என்று சமாளிப்பார்கள். துருவத்தை மாற்றினால் இன்னொரு நன்மை: கன்சாலிடேஷன் ஆனோடு பக்கமே அதிகம், கேத்தோடு பக்கம் கிட்டத்தட்ட இல்லை. மாற்றினால்தான் இரண்டு பக்கமும் ஓரளவு சமமாகும்.

சுவிட்சை அணைத்த பிறகு?

இதைத்தான் நிறைய பேர் கேட்க மறக்கிறோம். கரண்ட் நின்றதும் மைனஸ் பிரஷர் மெல்லக் கரையும், சுற்றிலுமிருந்து தண்ணீர் திரும்பி வரும், மண் கொஞ்சம் உப்பும். ஆனால் ஒருமுறை இறுகிய களிமண் பழைய வெற்றிட விகிதத்துக்கு முழுசாகத் திரும்பாது. அது ஓவர்-கன்சாலிடேட்டட் களிமண்ணாகிவிடும். வேதி மாற்றத்தால் வந்த பிடிப்பும் நிற்கும். ஆனால் வெறும் சக்ஷனால் மட்டும் வந்த வலிமை நல்ல மழை பெய்தால் போய்விடும். எனவே ரிப்போர்ட்டில் கரண்ட் ஓடும்போது எடுத்த வேன் ஷியர் அளவை மட்டும் போட்டால் அது பாதி உண்மை. அணைத்துச் சில வாரம் கழித்து எடுத்ததையும் போட வேண்டும்.

அப்போ நாம என்ன கேட்கணும்?

நம்ம கடலோரக் களிமண்ணுக்கு இந்த முறையை யாராவது ப்ராஜெக்ட் தலைப்பாக எடுத்தால், வோல்ட் எவ்வளவு என்பது நான்காவது கேள்விதான். முதல் மூன்று இவை:

1. துளை நீரில் உப்பு எவ்வளவு? மின்கடத்துதிறன் என்ன?
2. மின் ஊடுருவுமைக்கும் நீர் ஊடுருவுமைக்கும் விகிதம் என்ன?
3. மண் முழுக்க நீர் நிறைந்ததா, காற்று இருக்கிறதா?

லேபில் ஒரு மதியத்தில் சின்னதாகச் செய்தும் பார்க்கலாம். இரண்டு பிளாஸ்டிக் டப்பா, இரண்டிலும் குழைத்த கயோலின். ஒன்றில் மட்டும் இரண்டு ஸ்பூன் சமையல் உப்பு. 15 செ.மீ. இடைவெளியில் இரண்டிரண்டு இரும்புக் கம்பி. கேத்தோடைச் சுற்றி வடிதாள் சுற்றிய துளைக்குழாய். கரண்ட் அளவுக்கு வரம்பு வைக்கக்கூடிய டிசி சப்ளையில் 15 வோல்ட். நேரடி மெயின்ஸ் லைனைத் தொடவே வேண்டாம். ஹைட்ரஜன் வரும் என்பதால் ஜன்னல் திறந்திருக்கட்டும், கூட லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஒருவர் இருக்கட்டும்.

அரை மணிக்கு ஒருமுறை இரண்டு எண்களை எழுதுங்கள்: மல்டிமீட்டரில் ஆம்பியர், அளவுக்குழாயில் மில்லிலிட்டர். உப்பு டப்பாவில் ஆம்பியர் எகிறும். அதே அளவுக்குத் தண்ணீரும் எகிறுதா என்று பாருங்கள். மண்ணுக்குள் கரண்ட் போகிறது என்பதும் மண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதும் வேறு வேறு என்று அந்த நோட்டில் நீங்கள் எழுதிய எண்களே சொல்லிவிடும்.